பின் சக்கரத்தில் நொண்டி: எங்கே தப்புகிறது, ஏன் தப்புகிறது

சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கி, பின் சக்கரத்தில் மட்டும் நின்று தத்துவதை ட்ரையல்ஸ்காரர்கள், அதாவது காலைத் தரையில் ஊன்றாமல் சைக்கிளில் தடைகளைத் தாண்டும் விளையாட்டை ஆடுகிறவர்கள், பேக் ஹாப் என்பார்கள். எனக்கு அது நொண்டிதான். சின்ன வயதில் பாண்டி ஆடியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: ஒற்றைக் காலில் அசையாமல் நிற்பது கஷ்டம், தத்திக்கொண்டே இருப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த தத்தில் கால் தானாகவே இடப்பக்கம் போய் ஊன்றுகிறது. பின் சக்கரத்திலும் இதே கதை, காலுக்குப் பதில் டயர். ஒவ்வொரு தத்தும் ஒரு திருத்தம்.

எனக்கு இது வர ஐந்து மாதம் பிடித்தது. அதில் மூன்று மாதம் தப்பான இடத்தைத் திருத்திக்கொண்டிருந்ததில் போனது. ஹேண்டில்பார் திரும்பினால் கையில் கோளாறு என்று நினைப்பேன், சக்கரம் நழுவினால் டயரில் கோளாறு என்று நினைப்பேன். தப்பு கண்ணில் படும் இடத்துக்கும் அது பிறக்கும் இடத்துக்கும் நடுவில் அரை நொடி இருக்கிறது. அந்த அரை நொடி பின்னால் போய்ப் பார்க்கத்தான் இந்த வழிமுறை. முழுக்கப் படிக்க வேண்டியதில்லை, உங்கள் சிக்கல் எதுவோ அதற்கு நேரே போங்கள். ஆனால் வண்டியைப் பற்றிய முதல் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் வண்டி

இந்த விளையாட்டு மோட்டார் சைக்கிள் ட்ரையல்ஸிலிருந்து பிறந்தது. 1970களில் ஸ்பெயினின் கட்டலோனியாவில், மோன்டேசா மோட்டார் சைக்கிள் ஓட்டிய பேரே பீ என்பவர் தன் மகன் ஓட் பீ-க்கு அதே வித்தையைச் சைக்கிளில் பழக்கினார். மகன் பின்னால் உலகச் சாம்பியன் ஆனார். அங்கே இதற்கு 'ட்ரையல்சின்' என்று பேர். ஸ்பானிஷில் 'சின்' என்றால் 'இல்லாமல்'. மோட்டார் இல்லாத ட்ரையல். மோட்டார் செய்த வேலையைக் கால் செய்ய வேண்டியிருப்பதால் கியர் விகிதம் மிகவும் முக்கியம்.

20 அங்குல ட்ரையல்ஸ் சைக்கிளில் பெரும்பாலும் முன் செயின் சக்கரத்தில் 18 பல், பின்னால் 12 பல் இருக்கும். 26 அங்குல வண்டியில் 22-க்கு 18 அல்லது 18-க்கு 15. கணக்குப் போட்டால் எல்லாம் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நிற்கும்: பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் இரண்டரை மீட்டர் நகரும். அதில் கால் பங்கு, அதாவது கால் சுற்று மிதித்தால் 60 சென்டிமீட்டர் சொச்சம். பின் சக்கர வித்தைக்கு வேண்டியது அந்தக் கால் சுற்றுதான்.

ட்ரையல்ஸ் வண்டி இல்லையா? சாதாரண எம்.டி.பி. (மலைச் சைக்கிள்) போதும், நானும் அதில்தான் பழகினேன். சீட்டை அடிவரை இறக்குங்கள். முன்னால் 22 பல் இருந்தால் பின்னால் 18, முன்னால் 24 இருந்தால் 20, முன்னால் 32 மட்டும் உள்ள வண்டியானால் 26 பக்கம் வையுங்கள். முன் சஸ்பென்ஷனைப் பூட்ட வசதி இருந்தால் பூட்டிவிடுங்கள். பின் டயரில் காற்றழுத்தம் 25 பி.எஸ்.ஐ. பக்கம் வைத்துத் தொடங்கலாம். தத்தும்போது ரிம் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டால் இரண்டு மூன்று ஏற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். வண்டியின் பக்கத்தில் நின்று, பின் பிரேக்கை ஒரே விரலால் பிடித்து, வண்டியை முன்னால் தள்ளுங்கள். டயர் தரையில் இழுபட வேண்டும். சக்கரம் கொஞ்சமாவது உருண்டால் பயிற்சியைத் தொடங்காதீர்கள், பிரேக் கட்டையைப் பாருங்கள். டிஸ்க்கில் விரல் பட்ட எண்ணெய்கூட இந்த வேலைக்கு அதிகம்.

செயினையும் பார்க்க வேண்டும். கால் சுற்றில் முழு உடம்பு எடையையும் அதன் மேல் போடப்போகிறோம். செயின் வழுக்கினால் நெஞ்சு ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் போய் மோதும். புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அதையே அளந்து 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் வந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஹெல்மெட்டும் முழங்கால் முதல் கணுக்கால் வரை மறைக்கும் காப்பும் கட்டாயம். பெடலின் ஊசிகள் கெண்டைக்கால் முன்னெலும்பில் போடும் கோடு வருஷக்கணக்கில் இருக்கும். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வேண்டவே வேண்டாம்.

சிக்கல்: மூன்று நொடிகூட நிற்க முடியவில்லை

நொண்டிக்கு முன்னால், காலை ஊன்றாமல் வண்டி மேல் நிற்கத் தெரிய வேண்டும். ட்ராக் ஸ்டாண்ட் என்று சொல்கிறோமே, அது. லேசான ஏற்றத்தைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். தெருவில் தண்ணீர் வடிவதற்காக விட்டிருக்கும் சரிவு போதும். எந்தக் காலை இயல்பாக முன்னால் வைக்கிறீர்களோ, அந்தப் பக்கமாக முன் சக்கரத்தைத் திருப்புங்கள். இடது கால் முன்னால் என்றால் இடப்பக்கம். அப்போதுதான் சக்கரத்தின் பின்பாதி அந்தக் காலை விட்டு விலகும். மாற்றித் திருப்பினால் டயர் ஷூவின் நுனியை உரசும்.

பலரும் உடம்பை ஆட்டிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். அது தேவையில்லை. முன் சக்கரம் இடப்பக்கம் திரும்பியிருக்கும்போது வண்டி ஒரு விரற்கடை முன்னால் போனால், தரையைத் தொடும் இடம் இடப்பக்கம் நகர்கிறது. பின்னால் உருண்டால் வலப்பக்கம் நகர்கிறது. ஆக, இடப்பக்கம் சாய்கிறீர்களா, பெடலை மிதியுங்கள். வலப்பக்கம் சாய்கிறீர்களா, பெடலைத் தளர்த்துங்கள், சரிவு உங்களைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். சமநிலை காலில் இருக்கிறது, கைக்கு இதில் வேலை குறைவு.

எந்தப் பக்கம் விழுகிறீர்கள் என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். திருப்பிய பக்கமே எப்போதும் விழுந்தால் தாமதமாக மிதிக்கிறீர்கள், இல்லையென்றால் கியர் கனமாக இருக்கிறது. எதிர்ப்பக்கமே விழுந்தால் மிதியை விடவே இல்லை என்று அர்த்தம். பயத்தில் கால் இறுகிவிடுகிறது. இன்னும் கொஞ்சம் சரிவான இடத்துக்குப் போனால் இது ஒரே நாளில் சரியாகிவிடும். முன்னங்கை எரிந்தால் ஹேண்டில்பார் மேல் சாய்ந்திருக்கிறீர்கள், எடையைப் பெடலுக்கு இறக்குங்கள்.

இதில் எல்லாம் சரியாக இருந்தும் எனக்கு நாலு நொடிக்கு மேல் தாங்கவில்லை. எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் தினம் நான் விழுவதை நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் சொன்னார்: "சார், விழுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் சக்கரத்தைக் குனிஞ்சு பாக்குறீங்க." அவருக்குச் சைக்கிளைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் பார்த்தது சரி. நாலு மீட்டர் தள்ளி ஒரு தூணின் மேல் கண்ணை வைத்ததும் நாலு நொடி இருபது நொடி ஆனது. முப்பது நொடி வந்தபிறகு சமதளத்தில் இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுங்கள். அங்கே முழங்காலை வெளியே விரித்தும் ஹேண்டிலைச் சற்றே அசைத்தும்தான் சமாளிக்க முடியும். ட்ரையல்ஸ்காரர்கள் நிற்பது அப்படித்தான்.

சிக்கல்: இரண்டு சக்கரத்திலும் தத்தும்போது பின் சக்கரம் எழும்பவில்லை

இரண்டு பிரேக்கையும் பிடித்து, பெடல்கள் தரைக்கு இணையாக இருக்க, அப்படியே மேலே துள்ளுவது இடைப்படி. முன் சக்கரம் கையோடு வந்துவிடும், பின் சக்கரம் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதத்தின் நுனியைக் கீழே சாய்த்து, பின்னோக்கி வாருவதுபோல் பெடலை அழுத்திக்கொண்டே காலை மேலே இழுங்கள். அப்படியும் ஷூ மட்டும் மேலே வந்து பெடல் கீழேயே நின்றால், காலை இழுத்திருக்கிறீர்கள், வாரவில்லை. தட்டையான ரப்பர் அடி உள்ள ஷூ உதவும். ஓடுவதற்கான ஷூவின் தடித்த மெத்தை உதவாது.

எழும்புகிறது ஆனால் உயரம் இல்லை என்றால், டயர் நசுங்கித் திரும்பும் அந்த நேரத்தைத் தவறவிடுகிறீர்கள். பந்து தட்டுவதுபோல் தாளம் பிடிக்க வேண்டும். இருபது தத்து ஒரே சதுரத்துக்குள் வந்துவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். சாக்பீஸால் இரண்டடிக்கு ஒரு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள், மனசாட்சியை நம்பாதீர்கள்.

பின் சக்கரத்துக்கு ஏறும் முன்

முதலில் விழக் கற்றுக்கொள்ளுங்கள். முன் சக்கரத்தைத் தூக்கி, வேண்டுமென்றே அதிகமாகப் பின்னால் சாய்ந்து, ஹேண்டிலை விடாமல் பின்பக்கமாக இறங்கி நில்லுங்கள். வண்டி உங்கள் முன்னால் செங்குத்தாக நிற்கும். இதை இருபது தடவை செய்யுங்கள். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும். ஆனால் கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் பின்னால் மல்லாந்துவிடுவோம் என்ற பயம்தான். இந்த இருபது தடவை அந்தப் பயத்தைத் தின்றுவிடும்.

சிக்கல்: முன் சக்கரம் தூக்கவே வரவில்லை

கையால் தூக்குகிறீர்கள். முழங்கை மடிகிறதா என்று பாருங்கள், மடிந்தால் அதுதான் கோளாறு. முன் பெடல் தரைக்கு இணையாக இருக்கக் கூடாது, சற்று மேலே இருக்க வேண்டும். வலது கால் முன்னால் என்றால், வலப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது கடிகாரத்தில் 2 மணி முள் இருக்கும் இடம். உடம்பை ஒரு கணம் முன்னால் அமுக்கி, அமுங்கிய டயர் திரும்பும்போது பின் பிரேக்கை விட்டு, பெடலை உதைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளுங்கள். கை இரண்டும் கயிறு மாதிரி நீண்டு தொங்கட்டும். முன் சக்கரம் கையில் எழுவதில்லை, இடுப்பு பின்னால் போவதில் எழுகிறது.

சிக்கல்: எழும்பியது, அடுத்த நொடியே இறங்கிவிட்டது

எல்லோருக்கும் வருவது இது, அதிக நாள் தங்குவதும் இதுதான்.

முதல் காரணம், இடுப்பு போதுமான அளவு பின்னால் போகவில்லை. சரியான நிலையில் பிட்டம் பின் அச்சுக்குப் பின்னால் இருக்கும், முழங்கால் மடிந்திருக்கும், கை நேராக இருக்கும், ஹேண்டில்பார் கிட்டத்தட்ட இடுப்பு உயரத்தில் இருக்கும். பார்ப்பவருக்கு நாற்காலியில் உட்காரப்போகிறவர் மாதிரி தெரிவீர்கள். உங்களுக்கோ மல்லாந்து விழுவதுபோல் இருக்கும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்புவதற்கு வீடியோ எடுத்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இரண்டாவது காரணம் பிரேக். பின் பிரேக்கை முன்கூட்டியே பிடித்தால் முன் சக்கரம் கீழே இழுக்கப்படும். உருளும் சக்கரத்தைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முன்னால் சாயும், பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். உதை முடிந்து, சமநிலைப் புள்ளியைத் தொடும் அந்த இடத்தில்தான் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணம்: நின்ற இடத்தில் அசையாமல் நிற்கப் பார்க்கிறீர்கள். பிரேக் பிடித்த அதே கணத்தில் முதல் தத்து தொடங்கிவிட வேண்டும். "நின்றுவிட்டேன், இனி தத்தலாம்" என்று யோசிக்கும் இடைவெளியில்தான் முன் சக்கரம் தரைக்கு வந்துவிடுகிறது.

சிக்கல்: மல்லாந்து போகிறேன்

நல்ல அறிகுறி. இடுப்பு பின்னால் போகப் பழகிவிட்டது. விரல் பிரேக் லீவரை விட்டு விலகுகிறதா என்று மட்டும் பாருங்கள். பின் பிரேக்கை லேசாகத் தொட்டாலே முன் சக்கரம் இறங்கும். ஒற்றை விரல் எந்நேரமும் லீவர் மேலேயே இருக்க வேண்டும். லீவர் தூரமாக இருந்தால் சின்ன அலன் கீ வைத்துப் பக்கத்தில் கொண்டுவரலாம், அதற்கென்றே ஒரு திருகாணி இருக்கும்.

சிக்கல்: ஒவ்வொரு தத்துக்கும் வண்டி பக்கவாட்டில் திரும்புகிறது

முன் கால் உதைக்கும் பக்கத்துக்கு எதிர்க் கை அதிகமாக இழுக்கும், இல்லையென்றால் அதே பக்கக் கை. யாருக்கு எது என்று சொல்ல முடியாது. ஒரு சோதனை செய்யுங்கள்: கட்டைவிரல்கள் இரண்டையும் ஹேண்டிலின் மேலே வைத்து ஒரு சுற்றுத் தத்திப் பாருங்கள், பத்துத் தத்துக்கு மேல் வேண்டாம். இறுக்கிப் பிடிக்க முடியாதபோது எந்தக் கை கஷ்டப்படுகிறதோ அதுதான் குற்றவாளி. பக்கவாட்டில் சாய்வது வேறு, திரும்புவது வேறு என்பதையும் கவனியுங்கள். சாய்ந்தால் பதற வேண்டாம், நொண்டி ஞாபகம் இருக்கட்டும். சாயும் பக்கம் அடுத்த தத்தை வைத்தால் போதும்.

சிக்கல்: தரையைத் தொடும்போது சக்கரம் உருண்டுவிடுகிறது

என்னை ஒரு மாதம் அலைக்கழித்த கோளாறு. பிரேக் கட்டையை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், ஒரு கடையில் கொடுத்து வீலைக்கூட சரிபார்க்கச் சொன்னேன். உருளுவது நிற்கவில்லை.

கடைசியில் ஃபோனை ஒரு செங்கல் மேல் சாய்த்து வைத்து, ஸ்லோமோஷனில் எடுத்தேன். நொடிக்கு 240 படம். முகத்தை எடுக்கவில்லை, பின் சக்கரமும் வலது கையும் மட்டும் தெரிகிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தால்: டயர் தரையைத் தொடுகிறது, நசுங்குகிறது, நசுங்கி முடிந்த பிறகு, சுமார் பத்துப் பதினைந்து படம் கழித்து, விரல் மடங்குகிறது. அதாவது தரையின் அதிர்வு வந்த பிறகு அதற்கு எதிர்வினையாகப் பிரேக் பிடிக்கிறேன். என் மனதிலோ இரண்டும் ஒரே நேரம். பிரேக் பிடிக்க வேண்டியது டயர் காற்றில் இருக்கும்போது. இறங்குகிற சக்கரம் முன்பே பூட்டிக்கிடக்க வேண்டும்.

திருத்தத்துக்கு நான் செய்தது: உதைக்கும்போது "விடு" என்றும் காற்றில் இருக்கும்போது "பிடி" என்றும் வாய்விட்டுச் சொன்னேன். குடியிருப்பில் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. மூன்று நாளில் உருளுவது நின்றது.

சிக்கல்: நாலு தத்து வருகிறது, ஐந்தாவதில் முன் சக்கரம் தாழ்ந்துவிடுகிறது

ஒவ்வொரு தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சரிகிறீர்கள், அதைத் திருப்பிப் பெறவில்லை. இங்கேதான் பெடல் கிக் வருகிறது. முன் சக்கரம் தாழத் தொடங்கியதும் பதறித் தூக்காதீர்கள், இன்னும் ஒரு சாண் தாழ விடுங்கள். பிறகு பிரேக்கை விட்டு, கால் சுற்றுக்குள் ஒரு உதை, டயர் தரையை விட்டு எழும், காற்றில் பிரேக். பின் சக்கரம் முன்னால் வந்து உங்கள் அடியில் நின்றுகொள்ளும். முன்னால் சாய்ந்தால் சக்கரத்தை முன்னால் வைப்பது. மறுபடியும் நொண்டிதான்.

உதைத்ததும் 'டக்' என்று கால் சும்மா போய்ப் பிறகு பிடித்தால், அது ஃப்ரீவீலின் இடைவெளி. சாதாரண ஹப்பில் பல் கடிக்கும் வரை பெடல் வீணாக நகரும். ட்ரையல்ஸ் வண்டிகளில் ஒரு சுற்றுக்கு 72, 108 இடங்களில் கடிக்கிற ஃப்ரீவீலைப் போடுவது இதற்காகத்தான். உங்களிடம் அது இல்லையென்றால் உதைக்கும் முன் பெடலை லேசாக அழுத்தி அந்த இடைவெளியைத் தின்றுவிடுங்கள். ஆனால் 'டக்' என்பது செயின் பல் தாண்டும் சத்தமாக இருந்தால் அன்றைக்குப் பயிற்சி முடிந்தது.

மூச்சையும் பாருங்கள். நாலு தத்துக்கு மேல் வராதவர்களில் பலர் அந்த நாலு தத்தும் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

சிக்கல்: கீழ்முதுகு வலிக்கிறது

முழங்காலை நேராக வைத்து இறங்குகிறீர்கள். அதிர்ச்சியைத் தொடை வாங்க வேண்டும். மடித்து இறங்கியும் வலித்தால் நேரத்தைக் குறையுங்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக மூன்று மணி நேரம் ஆடினால் திங்கட்கிழமை ஷூ லேஸ் கட்டக் குனிய முடியாது.

சிக்கல்: நேற்று வந்தது, இன்று வரவில்லை

முதலில் பின் டயரை அமுக்கிப் பாருங்கள். 5 பி.எஸ்.ஐ. இறங்கினாலே தாளம் மாறிவிடும், கால் நேற்றைய டயருக்குப் பழகியிருக்கும். அடுத்து பிரேக். ரிம் பிரேக் வண்டியானால் ரிம்மைத் துடையுங்கள். ட்ரையல்ஸ்காரர்கள் ரிம்மின் பக்கவாட்டை கிரைண்டரால் சொரசொரப்பாக்கி வைத்திருப்பார்கள். அந்த வண்டிகள் ஊரைக் கூட்டும் கிறீச்சொலிக்குக் காரணம் அதுதான். சத்தம் குறைந்தால் பிடிமானமும் குறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் சரியாக இருந்தும் வரவில்லை என்றால் ட்ராக் ஸ்டாண்டுக்குத் திரும்பிப் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கேயே தடுமாறினால் கோளாறு நொண்டியில் இல்லை, நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை.